ரெனால்ட் ஜான்சன்

ரெனால்ட் பி. ஜான்சன் (சூலை 16, 1906 – செப்டம்பர் 15, 1998) அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆவார். உலகின் முதல் வணிக வன்தட்டு நினைவகத்தை உருவாக்கிய ஐபிஎம் குழுவுக்குத் தலைமை வகித்தவர். வன்தட்டின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

வாழ்க்கை

மினசோட்டா மாநிலத்தில் பிறந்த ஜான்சன், 1929 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மிச்சிகனில் பள்ளி அறிவியல் ஆசிரியரானார். பென்சில் கோடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு, விடைத்தாள் திருத்தும் பொறி ஒன்றை அமைத்தார். அதன் உரிமையை வாங்கிய ஐபிஎம், 1934 இல் இவரைப் பொறியாளராகச் சேர்த்துக்கொண்டது. 1952 இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்க அனுப்பப்பட்டார்.

வன்தட்டும் முகவரியும்

அக்காலத்தில் தரவுகள் துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் சேமிக்கப்பட்டன. நாடாவில் ஒரு பதிவைப் படிக்க, அதற்கு முன்னுள்ளவற்றைக் கடந்தே செல்ல வேண்டும். வேண்டிய பதிவை நேராகச் சென்றடையும் வழியை ஜான்சன் குழுவினர் தேடினர். 1956 இல் ராமாக் கணினியின் பகுதியாக ஐபிஎம் 350 வட்டு நினைவகம் வெளியிடப்பட்டது.

இதில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் 100 தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் 10 துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் 100 எழுத்துகள் என மொத்தம் 50 இலட்சம் எழுத்துகள் அடங்கின. ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து இலக்க முகவரி உண்டு. எடுத்துக்காட்டாக, 23578 என்பது 23 ஆம் எண் தட்டு, 57 ஆம் எண் தடம், 8 ஆம் எண் துண்டு ஆகியவற்றைக் குறிக்கும். 0 முதல் 4 வரையான துண்டுகள் தட்டின் மேற்பக்கத்திலும், 5 முதல் 9 வரையானவை கீழ்ப்பக்கத்திலும் இருந்தன. முகவரியைப் பெற்றதும் படிக்கும் முனைகளைத் தாங்கிய கை அத்தட்டுக்கு ஏறியோ இறங்கியோ சென்று, ஒரு நொடிக்குள் அத்தடத்தை அடைந்தது.

தாக்கம்

சென்னை அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973 இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 கணினியும் இம்மரபில் வந்ததே. அவ்வகைக் கணினிகளின் வட்டுகளில் உருளை, முனை, பதிவு ஆகிய மூன்று எண்களால் இடம் குறிக்கப்பட்டது. எல்லாத் தட்டுகளிலும் ஒரே தொலைவில் அமைந்த தடங்களின் தொகுப்பே உருளை எனப்பட்டது.

இத்தகைய முகவரி வட்டின் வடிவத்தோடு பிணைந்தது. வட்டு மாறினால் முகவரிக் கணக்கும் மாற வேண்டியிருந்தது. எனவே பிற்கால வன்தட்டுகள் சுழியத்திலிருந்து தொடங்கும் ஒரே வரிசை எண்ணைக் கணினியிடமிருந்து பெற்று, உண்மையான இடத்தைத் தாமே கணித்துக்கொள்கின்றன.

இறுதிக்காலம்

1971 இல் ஓய்வு பெற்ற ஜான்சனுக்கு 1986 இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. 1998 இல் பாலோ ஆல்டோவில் தமது 92 ஆம் வயதில் காலமானார்.