கணிதம் கசந்த மாணவர், கணித அறிஞர் வியந்த கலைஞர்

1954ஆம் ஆண்டு உலகக் கணித அறிஞர்களின் மாநாடு ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிற்று. அதனையொட்டி, அந்நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஓர் அச்சோவியரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. பறவைகளின் இடைவெளியே மீன்களாக மாறுவதும், ஒருவருக்குச் சுவரானது மற்றொருவருக்குத் தரையாவதும் அவர்தம் படங்களில் காணும் விந்தைகள். அறிஞர்களைக் கவர்ந்த அக்கலைஞரோ பள்ளியிறுதித் தேர்வில் தோல்வியுற்றவர்! அவரே ஹாலந்து நாட்டு மவுரிட்ஸ் கார்னெலிஸ் எஷர்.

1898 ஜூன் 17ஆம் நாள் லீவார்டன் நகரில் ஒரு பொறியாளரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் கணிதம் அவருக்குக் கசந்தது. கட்டடக்கலை பயில 1919இல் ஹார்லெம் நகர்க் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கு அச்சோவியம் கற்பித்த சாமுவேல் டி மெஸ்கிட்டா, இம்மாணவரின் படங்களைக் கண்டதுமே இவர் செல்லவேண்டிய வழி வேறு என்று உணர்ந்தார். அவர் காட்டிய வழியில் எஷர் மரத்தைச் செதுக்கி அச்செடுக்கும் கலையில் தேர்ந்தார்.

இத்தாலியில் பல்லாண்டுகள் வாழ்ந்து, மலையூர்களை வரைந்த எஷர், பாசிச ஆட்சியின் போக்குப் பிடிக்காமல் 1935இல் அந்நாட்டை விட்டு நீங்கினார். மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டு அல்ஹாம்ப்ரா மாளிகைக்கு இரண்டாம் முறையாகச் சென்றார். அதன் சுவர்களில் இடைவெளியின்றிப் பதிந்த ஓட்டுக்கோலங்களைத் துணைவியாரோடு அமர்ந்து படியெடுத்தார். அக்கோலங்களில் வடிவங்கள் மட்டுமே இருந்தன; எஷரோ அவ்விடங்களில் மீனையும் பல்லியையும் பறவையையும் உயிரோடு பொருத்தினார்.

பின்னர்ப் போர் மூண்டது. யூதரான டி மெஸ்கிட்டா 1944இல் மனைவி மகனுடன் நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டார், ஒருவரும் திரும்பவில்லை. ஆசிரியரின் வீட்டில் சிதறிக் கிடந்த படங்களை எஷர் எடுத்துக் காத்தார். 1946இல் அதே ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வரத் துணைநின்றார். கணித மாநாட்டையொட்டித் தமது படங்கள் அங்கு இடம்பெற்றது அதற்கு எட்டாண்டுகள் கழித்து!

1954ஆம் ஆண்டுக் கண்காட்சியைக் கண்டவருள் ரோஜர் பென்ரோஸ் என்னும் இளைஞரும் ஒருவர். அதன் தூண்டுதலால் அவர், தாளில் வரையலாம், ஆனால் கட்ட முடியாது என்னும் ஒரு முக்கோணத்தை அமைத்தார். அதனைக் கொண்டு எஷர் 1961இல் ‘நீர்வீழ்ச்சி’யைப் படைத்தார். அதில் நீர் கீழ்நோக்கியே ஓடி, விழுந்த உச்சிக்கே மீண்டும் வந்துசேரும்! காக்ஸெட்டர் என்னும் கணிதப் பேராசிரியர் அனுப்பிய கட்டுரை எஷருக்கு விளங்கவில்லை. அதிலிருந்த படம் விளங்கிற்று. விளிம்பை நெருங்க நெருங்கச் சிறுத்துச் செல்லும் ‘வட்ட எல்லை’ப் படங்கள் அவ்வாறு பிறந்தவையே. அவற்றுள் மூன்றாவதைப் பின்னாளில் கணக்கிட்டு ஆராய்ந்த காக்ஸெட்டர், கோடுகள் சிறிதும் பிசகாது அமைந்திருக்கக் கண்டார்.

எஷர் 1972 மார்ச் 27ஆம் நாள் மறைந்தார். அன்று நோபல் பரிசு அறியாத பென்ரோஸ் 2020இல் அதனைப் பெற்றார்.

மாணவ நண்பர்களே! எஷரின் மதிப்பெண் பட்டியல் அவருக்குக் கணிதம் வராது என்றது. அவர் கையில் என்ன இருந்தது என்பதை ஓர் ஆசிரியரின் கண்ணே கண்டது. அந்தக் கடனை மாணவரும் மறக்கவில்லை.