ஃபாரஸ்ட் ஷ்ரீவ்

ஃபாரஸ்ட் ஷ்ரீவ் (ஜூலை 8, 1878 - ஜூலை 19, 1950) ஓர் அமெரிக்கத் தாவரவியலாளரும் சூழலியலாளரும் ஆவார். வட அமெரிக்கப் பாலைவனங்களின் புதர்களையும் கள்ளிகளையும் அவை வளரும் இடத்திலேயே பல்லாண்டுகள் கவனித்து ஆராய்ந்தவர். பாலைவனத் தாவரங்களின் பரவலுக்கு வறட்சியைப் போலவே குளிரும் எல்லை வகுக்கிறது என்பதை விளக்கியமை இவரது முக்கிய பங்களிப்பாகும்.

வாழ்க்கை

ஷ்ரீவ் மேரிலாந்து மாநிலத்தின் ஈஸ்டன் நகரில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1905ல் முனைவர் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் ஜமைக்காவின் நீலமலை மழைக்காடுகளை ஆராய்ந்தார். 1908ல் அரிசோனாவின் டூசான் நகருக்கு அருகே டுமமோக் குன்றில் இருந்த பாலைவன ஆய்வகத்தில் சேர்ந்தார். இவ்வாய்வகம் கார்னெகி நிறுவனத்தால் 1903ல் அமைக்கப்பட்டது. 1909ல் எடித் பெல்லாமியை மணந்தார். எடித்தும் பாலைவனத் தாவரங்களின் நீராவிப்போக்கை ஆராய்ந்த அறிவியலாளர் ஆவார்.

குளிர் பற்றிய ஆய்வுகள்

சகுவாரோ என்னும் பெருங்கள்ளி வடக்கே ஓர் எல்லைக்கு அப்பால் வளர்வதில்லை. இதன் காரணத்தை ஷ்ரீவ் 1911ல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும் வெப்பநிலை மறுநாள் பகலில் உயர்ந்துவிட்டால் கள்ளி பிழைத்துக் கொள்கிறது. பகலிலும் உறைநிலை நீங்காமல் தொடர்ந்தால் அது மடிந்துவிடுகிறது. எனவே மிகக் குறைந்த வெப்பநிலையின் அளவை மட்டுமன்றி, உறைநிலை எத்தனை மணிநேரம் தொடர்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும் என்று இவர் கண்டார். பாலைவனத் தாவரங்களைத் தோட்டங்களில் வளர்ப்போருக்கும் இது பயனுள்ள கருத்தாகும்.

இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. இதனால் சில இடங்களில் மலைச்சரிவைவிடப் பள்ளத்தாக்கின் தரையே கூடுதலாகக் குளிர்கிறது. சாந்தா கத்தலினா மலைத்தொடரைப் பற்றிய 1915ஆம் ஆண்டு நூலில், பாலைவனத் தாவரங்களின் மேல் எல்லையைக் குளிர்காலக் குளிரும், காட்டு மரங்களின் கீழ் எல்லையை வறட்சியும் வகுக்கின்றன என்று விளக்கினார். வெயில் மிகுந்த தெற்குச் சரிவுகளில் பாலைவனத் தாவரங்கள் கூடுதல் உயரம் வரை வளர்வதையும் பதிவு செய்தார்.

பிற பணிகள்

பாலோ வெர்டே மரத்தின் நாற்றுகளை அடையாளமிட்டு, அவற்றுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மடிவதைப் பதிவு செய்தார். அமெரிக்கச் சூழலியல் கழகத்தை 1915ல் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர். 1942ல் வெளியிட்ட கட்டுரையில் வட அமெரிக்கப் பாலைவனங்களைக் கிரேட் பேசின், மொஹாவே, சொனோரா, சிவாவா என நான்காகப் பிரித்தார். கிரியோசோட் புதர் பின்னைய மூன்றிலும் பரவலாக உள்ளது. குளிர் மிகுந்த கிரேட் பேசினில் அது வளர்வதில்லை.

மறைவும் நினைவும்

கார்னெகி நிறுவனம் 1940ல் ஆய்வகத்தை மூடியது. ஷ்ரீவ் 1950ல் டூசானில் காலமானார். சொனோரா பாலைவனத் தாவரங்களைப் பற்றிய இவரது பெருநூல் மறுஆண்டு வெளிவந்தது. டுமமோக் குன்றில் 1906ல் தொடங்கப்பட்ட நிலையான ஆய்வுப் பாத்திகளில் செடிகளைக் கணக்கெடுக்கும் பணியை இவருக்குப் பின் வந்தோரும் தொடர்ந்தனர்.