டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: குழந்தையின் உடலைப் பரிசோதிக்கச் சொன்னவர்

அன்னவாசலை உள்ளடக்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வர், தாய் சந்திரம்மாள். ஆண்கள் பயின்ற அக்கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியுடன் அவர் சேர்ந்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912 இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1925 இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேலும் பயில இங்கிலாந்து சென்றார்.

பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவரும் ஆனார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டுமென அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை தேவை எனவும் வலியுறுத்தினார்.

பரிசோதனை ஏன் தேவை?

சிறுநீர், பிறப்புறுப்புக் கோளாறுகளைக் குழந்தைகள் கூச்சத்தால் மறைப்பர். கைக்குழந்தையால் சொல்லவே இயலாது. எனவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

- கைக்குழந்தைக்குக் காரணம் புலப்படாத காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல்.
- சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம். படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றபின் மீண்டும் தொடங்குதல்.
- ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருதல். சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாதிருத்தல்.
- ஆறு மாதம் நிறைந்தும் விதை விதைப்பைக்குள் இறங்காதிருத்தல். இதற்கான அறுவை சிகிச்சையை ஒன்றரை வயதுக்குள் செய்துகொள்வது நன்று.

விதைப்பையில் திடீரெனக் கடும் வலி தோன்றினால், விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். ஆறு மணி நேரத்திற்குள் சிகிச்சை பெற்றால் விதையைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108 ஐ அழையுங்கள்.

சிறுநீர்த் தொற்று என ஐயம் எழுந்தால், மருந்து தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யப்படும். மருத்துவர் குறித்த நாள் முழுவதும் மருந்து கொடுங்கள். காய்ச்சல் தணிந்ததும் நிறுத்தலாகாது. சிறு வயதில் முன்தோல் பின்னே செல்லாதிருப்பது பெரும்பாலும் இயல்பே. அதை வலிந்து இழுத்தல் தீங்கு தரும். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைத்துத் தூய்மை செய்ய வேண்டும்.

இன்று

1930 இல் அவ்வை இல்லத்தையும் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவிய அவர் 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். அவர் வலியுறுத்திய பரிசோதனை இன்று அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்குமே வருகிறது. 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளை மேல் சிகிச்சைக்கு அனுப்பி வைக்கிறது. அன்னவாசல் பகுதிப் பெற்றோர், குழந்தையிடம் கண்ட மாற்றத்தைக் கூச்சமின்றி அக்குழுவிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவரிடமோ தெரிவியுங்கள்.