ஓல் சிக்கி எழுத்தைப் படைத்த ரகுநாத் முர்மு

வைசாகப் பௌர்ணமியன்று பெங்களூரில் நாம் ஒன்றுகூடிப் பகவன் புத்தரின் திருநாளைக் கொண்டாடுகின்றோம். அதே நாளில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சந்தாலர் என்னும் பழங்குடி மக்கள் தங்கள் பேராசான் ஒருவருக்கு விழா எடுக்கின்றனர். அவர்தாம் பண்டித ரகுநாத் முர்மு. தனக்கென எழுத்தில்லாதிருந்த தாய்மொழிக்கு எழுத்தைப் படைத்தளித்த அப்பெரியாரின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

அவர் 1905ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாளைய மயூர்பஞ்ச் சமஸ்தானத்து ராய்ரங்பூருக்கு அண்மையிலுள்ள டாண்ட்போஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளியிற் சேர்ந்த சிறுவனுக்குப் பாடங்கள் ஒரியா மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. வீட்டில் பேசும் சொல் பள்ளியில் இல்லை. பள்ளியில் படிக்கும் சொல் வீட்டில் விளங்கவில்லை. தம் மக்களின் மொழியில் ஏன் பாடம் இல்லை என்னும் வினா இளமையிலேயே அவர் நெஞ்சில் எழுந்தது. அம்மொழிக்கு எழுத்தில்லை என்பதே காரணம் எனக் கண்டபோது, அக்குறையைத் தாமே தீர்ப்பதென உறுதி கொண்டார்.

சந்தாலி மொழியை அதுகாறும் எவரும் எழுதவேயில்லை என்பதன்று. நார்வே நாட்டுப் பாதிரியார் ஸ்க்ரெஃப்ஸ்ருட் 1873இல் அதற்கு இலக்கணம் வெளியிட்டார். பின்னர் போடிங் பாதிரியார் ஐந்து தொகுதிகள் கொண்ட அகராதியைத் தொகுத்தார். அவர்கள் ரோமன் எழுத்தைக் கையாண்டனர். ஏனையோர் வங்காளத்தில் வங்க எழுத்தாலும், ஒடிசாவில் ஒரியா எழுத்தாலும், பீகாரில் நாகரி எழுத்தாலும் எழுதினர். ஆதலின் ஒரே மொழி பேசும் உறவினர், எல்லை கடந்தவுடன் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவியலாத நிலை இருந்தது. அன்றியும் சந்தாலியில் சில சொற்களின் ஈற்றொலி தொண்டையிலேயே அடைபட்டு, காற்று வெளிவராமல் நின்றுவிடும். இரவல் எழுத்துகளில் இவ்வொலிகளுக்கெனத் தனி எழுத்துகள் இல்லை.

1925ஆம் ஆண்டில், தம் இருபதாவது வயதில், ரகுநாத் முர்மு ஓல் சிக்கி என்னும் எழுத்து முறையை வகுத்தார். ஓல் என்பதற்கு எழுத்து என்பது பொருள். இதில் எழுத்துகள் முப்பது; அவற்றுள் ஆறு உயிர், இருபத்து நான்கு மெய். ஆறு வரிசைகள், ஒவ்வொன்றும் ஓர் உயிரில் தொடங்கி நான்கு மெய்களோடு முடியும். நம் தமிழில் உயிர்க்குறி மெய்யின் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். ஓல் சிக்கியிலோ ஒவ்வோர் ஒலியும் தனித்தனி எழுத்தாய் வரிசையில் நிற்கும். அடைபட்ட ஒலிகளுக்கும் எழுத்துண்டு. அவற்றின் பின் அஹத் என்னும் சிறு குறியை இட்டால் அடைப்பு நீங்கி ஒலி திறந்து வெளிப்படும்.

எழுத்துகளின் வடிவங்களை அவர் தம் மக்களின் வாழ்விலிருந்தே எடுத்தார். நிலம், கலப்பை, அரிவாள், காளான், மலையுச்சி ஆகியன அவற்றுள் சில. ஒருவன் தன்னையே சுட்டிக்காட்டும் தோற்றமும் ஓர் எழுத்தாயிற்று. அவ்வெழுத்தின் பெயர் சந்தாலியில் நான் என்னும் சொல்லேயாம்.

எழுத்தை வகுத்தல் பாதி வேலையே. அச்சேறாத எழுத்து ஊர் தாண்டாது. முப்பதே எழுத்துகளாதலால் அச்சு வார்ப்பது எளிதாயிற்று. அவர் மரத்தால் கையச்சுப் பொறியொன்று செய்து, 1939இல் பாரிபதாவில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார். ஆசிரியராய்ப் பணியாற்றிக்கொண்டே ஓல் செமெத் என்னும் அரிச்சுவடியும், கணக்கு நூலும், இலக்கணமும், பிது சந்தன் முதலிய நாடகங்களும் எழுதினார். பின்னர் வேலையையும் விட்டு, ஊர் ஊராய்ச் சென்று எழுத்தைக் கற்பித்தார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ரோமன் எழுத்தில் படித்துப் பழகிய சந்தாலர் பலர், முன்னரே நூல்கள் பல இருக்கப் புதிய எழுத்து எதற்கென்றனர்; அவ்வழக்கு இன்றும் முற்றிலும் தீர்ந்ததன்று. கொரியாவில் 1443இல் செஜோங் மன்னர் புதிய எழுத்தை வகுத்தபோதும் கற்றோர் எதிர்த்தனர். செஜோங்கிற்கு அரியணை இருந்தது; முர்முவிற்கோ ஓர் ஆசிரியனின் உழைப்பேயன்றி வேறு துணை பெரிதாக இல்லை. மக்கள் அவரைக் குரு கோம்கே, அதாவது பேராசான், என்றழைத்தனர்.

1979இல் மேற்கு வங்க அரசு ஓல் சிக்கியை ஏற்றதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். 1982 பிப்ரவரி 1ஆம் நாள் மறைந்தார். 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால், தமிழும் கன்னடமும் இடம்பெற்ற அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சந்தாலியும் சேர்ந்தது. 2008இல் யூனிகோட் என்னும் உலகக் கணினிக் குறியேட்டில் ஓல் சிக்கிக்கு 48 இடங்கள் ஒதுக்கப்பட்டன. மரக்கட்டையில் தொடங்கிய எழுத்து கைப்பேசியிலும் ஏறிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கு மேற்பட்டோர்.

ஏட்டையும் எழுத்தாணியையும் தொடலாகாதென ஒதுக்கப்பட்டோரின் வழிவந்த நமக்கு இவ்வரலாறு புதிதாய்த் தோன்றாது. பிறர் தருவாரெனக் காத்திராமல், இருபது வயது இளைஞர் ஒருவர் தம் மக்களுக்கு வேண்டியதைத் தாமே செய்தார். செய்ததை வீடுதோறும் கொண்டு சேர்க்க ஐம்பதாண்டுக்கு மேல் உழைத்தார். அடுத்த வைசாகப் பௌர்ணமியன்று விளக்கேற்றும்போது, அந்த ஆசானையும் நன்றியோடு நினைவோமாக.