கலைஞரைக் காட்டிய கலைஞர்

ஒரு துறையில் வல்லவரின் அருமையை அத்துறையில் உழைத்தவரே முழுதும் உணர்வர். பாம்பின் கால் பாம்பறியும் என்னும் பழமொழி இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. இந்தியத் திரைப்பட இயக்குநருள் தலைசிறந்தவர் சத்யஜித் ரே. அவர்தம் வாழ்வையும் பணியையும் மற்றோர் இயக்குநராகிய ஷியாம் பெனகல் ஆவணப்படமாக ஆக்கினார். பிறர் கதைகளைப் படமாக்கியவரின் கதையே படமான வரலாறு மாணவர் அறியத்தக்கதாகும்.

ரே 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தா மாநகரில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிசோர் எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலையில் வல்லவர். தந்தையார் சுகுமார் ரே, சிறுவர்க்கு நகைச்சுவைப் பாடல்கள் இயற்றிப் புகழ் பெற்றவர். ஆயினும், தந்தையின் அன்பை நெடுநாள் துய்க்கும் பேறு மைந்தருக்கு வாய்க்கவில்லை. ரேக்கு மூன்று வயது நிரம்பு முன்னரே, 1923இல், சுகுமார் நோயுற்று இறந்தார். குடும்பத்து அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. அன்னையார் சுப்ரபா தம் உடன்பிறந்தார் இல்லத்தில் தங்கி, ஆசிரியப் பணி செய்து மகனை வளர்த்தார்.

கல்லூரிக் கல்வி முடிந்தபின், ரே தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயின்றார். நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோர் அவருக்கு ஆசிரியராய் அமைந்தனர். 1943இல் விளம்பர நிறுவனம் ஒன்றில் திங்களுக்கு 80 ரூபாய் ஊதியத்தில் ஓவியராக அமர்ந்தார். அலுவலின் பொருட்டு 1950இல் இலண்டன் சென்றபோது, இத்தாலி நாட்டுப் படமாகிய 'சைக்கிள் திருடர்கள்' என்பதைக் கண்டார். பெரும்பொருளும் பெயர்பெற்ற நடிகரும் இன்றியே எளிய மக்களின் வாழ்வைப் படமாக்க இயலும் என்னும் துணிவு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் புதினத்தை அவர் தேர்ந்தெடுத்தார். 1952இல் வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வெளியொன்றில் படப்பிடிப்புத் தொடங்கிற்று. விடுமுறை நாளில் மட்டுமே அவ்வேலை நடந்தது. அடுத்த வாரம் சென்று பார்த்தபோது, பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! ரே மனந்தளரவில்லை, மறுபருவத்தில் பூக்கள் மலரும்வரை காத்திருந்து அக்காட்சியை முடித்தார். பொருள் தீர்ந்தபோது தம் நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியார் விஜயாவின் அணிகலன்கள் அடகு வைக்கப்பட்டன. வேலை பன்முறை நின்றது. காலம் நீளின் படத்திலுள்ள சிறுவன் வளர்ந்துவிடுவான். முதுமகளாய் நடித்த மூதாட்டியின் உயிர் நிலைக்குமோ என்ற கவலையும் இருந்தது. இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி நல்க, 1955இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டில் பிரான்சு நாட்டுக் கான் விழாவில் சிறப்புப் பரிசும் பெற்றது.

உலகப்புகழ் எய்திய பின்னரும் ரே பிற கலைஞரை மறந்தாரல்லர். 1961இல் தாகூரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். கண்பார்வை இழந்தபின்னும் கலைத்தொழிலை விடாத தம் ஆசிரியர் வினோத் பிகாரியைப் பற்றி 1972இல் மற்றொரு படம் அமைத்தார். சிறுவனாய் இருந்தபோது கல்கத்தாவில் தாம் கண்டு வியந்த தமிழகத்து நாட்டியப் பேரரசி பாலசரசுவதியை, 1976இல் 'பாலா' என்னும் படத்தில் நிலைபெறச் செய்தார். 1987இல் தம் தந்தையாரைப் பற்றியும் படம் எடுத்தார். எனினும், தாகூரைப் போலத் தந்தையை நடமாடும் உருவில் காட்ட இயலவில்லை. நிழற்படங்களையும், அவர் வரைந்த சித்திரங்களையும், எழுதிய எழுத்துகளையும் கொண்டே மகன் அக்கடனை ஆற்ற வேண்டியதாயிற்று.

ரேயின் திறத்தில் அந்நிலை நேராவண்ணம் காத்தவர் பெனகல். ரேயின் படங்களால் இளமையிலேயே ஈர்க்கப்பட்டு, 'அங்கூர்' முதலிய படங்களால் புகழ்பெற்ற அவர், நடுவண் அரசின் திரைப்படப் பிரிவுக்காக 1980களில் இப்பணியை மேற்கொண்டார். அப்போது ரே தாகூரின் புதினமாகிய 'கரே பைரே' என்பதைப் படமாக்கிக்கொண்டிருந்தார். பெனகல் வீண்புகழ்ச்சியை நாடவில்லை. அறிவார்ந்த வினாக்களைத் தொடுத்து, ரே தம் வாழ்வையும் கலைநுணுக்கத்தையும் தாமே எடுத்துரைக்கச் செய்தார். அவர் படங்களின் காட்சிகளையும் ஏற்ற இடங்களில் இணைத்தார். 1983இல் ரே மாரடைப்புற்றுத் தளர்ந்தார். ஊக்கத்தோடு அவர் பணிபுரிந்த கோலம் அவ்வாவணப்படத்தில் இன்றும் காணக் கிடைக்கின்றது.

1992இல் ஆஸ்கார் சிறப்பு விருதும் பாரத ரத்தினமும் ரேயைத் தேடி வந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார். பெனகலும் 2024இல் மறைந்தார். ஆயினும், வினவுவாரும் விடையிறுப்பாருமாக இருவரும் அப்படத்தில் வாழ்கின்றனர்.

சான்றோர் பெருமையை அவர்தம் வாழ்நாளிலேயே போற்றிப் பதிந்து வைத்தல் பின்வருவோர்க்கு ஆற்றும் பெருந்தொண்டாகும். தம் துறையில் மூத்தாரை மதித்தொழுகும் இளைஞர், அத்துறையையே வளர்ப்பவர் ஆவர்.