பிரபு தந்ததும் தராததும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடியுமுன் ஷிப்டு பஸ் ஏறும் தொழிலாளத் தோழர்களுக்கு ரிப்பன் என்றால் சென்னை மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். ஆலை வேலைக்கு இந்நாட்டில் முதன்முதல் வரம்பு கட்டிய சட்டம் பிறந்ததும் அந்தப் பிரபுவின் ஆட்சியிலேதான். ஆகவே அவர் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

1827 அக்டோபர் 24 அன்று, லண்டன் டௌனிங் தெருவில் 10 ஆம் எண் மாளிகையில் அவர் பிறந்தார். தந்தை கோடரிச் பிரபு அப்போது பிரிட்டனின் பிரதமர். தாய் சாராவைப் பெற்ற ஹோபார்ட் பிரபுவோ, 1794 முதல் 1798 வரை நம் சென்னையில் கவர்னராக இருந்தவர். தந்தையும் பெரியப்பாவும் 1859 இல் அடுத்தடுத்து மறைய, இரண்டு பட்டங்களும் பெருநிலமும் அவரை வந்தடைந்தன.

இத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு ஏழையின் நினைவு ஏன் வரவேண்டும்? ஆனால் வந்தது! 1852 இல் இங்கிலாந்தின் இயந்திரத் தொழிலாளர்களை முதலாளிகள் கதவடைப்புச் செய்து வாட்டியபோது, இளைஞரான அவர் தொழிலாளர் பக்கம் நின்றார். ஜனநாயகத்தை ஆதரித்து அவர் எழுதிய சிறு நூலை, நண்பர்களே அஞ்சி வெளிவராமல் தடுத்தனர். 1874 இல் கத்தோலிக்கரானபோது, அவருடைய அரசியல் வாழ்வு முடிந்தது என்றே பலர் எண்ணினர். 1880 இல் கிளாட்ஸ்டன் அவரை வைசிராயாக இந்தியாவுக்கு அனுப்பினார்.

தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882 இல் நீக்கினார். அதே ஆண்டில் ஊராட்சியையும் நகராட்சியையும் மக்களின் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்க வழிவகுத்தார். நம் மக்கள் அவரை அப்பன் என்றே கொண்டாடினர்.

ஆயினும் 1881 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தந்தது எவ்வளவு? 7 வயது நிரம்பாத குழந்தைக்கு ஆலை வேலை கூடாது. 7 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 மணி நேரமே வேலை. அதுவும் 100 பேருக்குக் குறையாத ஆலைகளில் மட்டும்! வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வரம்பே இல்லை. இந்தச் சட்டத்தை நெருக்கிக் கேட்டவர்களுள், பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

1883 இல், வெள்ளையர் மீதான வழக்கை மாவட்டங்களில் இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா வந்தது. தோட்ட முதலாளிகளும் வணிகரும் திரண்டு எதிர்த்தனர். பாதிப் பேராவது வெள்ளையராக உள்ள ஜூரியை அவர்கள் கேட்டுப் பெறலாம் என்று 1884 இல் பிரபு இறங்கிவந்தார். வைசிராயின் நல்லெண்ணம், திரண்டு நின்ற கூட்டத்தின் முன் தோற்றது!

ரிப்பன் 1909 இல் மறைந்தார். ஒரே மகள் குழந்தையிலேயே இறந்துவிட்டாள். ஒரே மகன் வேட்டைத் துப்பாக்கியிலே புகழ் தேடினார். 1923 இல் வேட்டைக்களத்திலேயே உயிர்விட்டார். வாரிசில்லாமல் பட்டம் அற்றது.

பட்டம் அற்றாலும் சட்டம் வளர்ந்தது. 1911 இல் நெசவாலை ஆண்களுக்கு 12 மணி வரம்பு. 1948 இல் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. 2023 ஏப்ரலில் 12 மணி வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன, மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டது.

1884 இல் வெள்ளையர் காட்டிய பலத்தை 2023 இல் தொழிலாளர் காட்டினர். ரிப்பனின் நல்ல உள்ளத்தை நாம் போற்றுவோம். ஆனால் பிரபு தந்தது பிரபுவின் அளவுதான். தொழிலாளி திரண்டு பெறுவதே நிலைக்கும். ஒரகடத்துத் தோழர்கள் மனத்தில் இருத்தவேண்டிய பாடம் இது.