இறப்பர்ப் பட்டியும் றொன்ஜன் பேராசிரியரும்

உடலை அறுக்காமலே உள்ளிருக்கும் என்பைக் காட்டும் எக்ஸ் கதிரை உலகுக்கு அளித்தவர் வில்ஹெல்ம் கொன்ராட் றொன்ஜன் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், அக்கதிரைக் காண்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இறப்பர்ப் பட்டியில் அவர் கண்ட புதுமையை அறிந்தார் மிகச் சிலரே. செயற்கைத் தசை என்று இன்று பேசப்படும் துறைக்கு அதுவே வித்தாயிற்று.

றொன்ஜன் 1845ஆம் ஆண்டு ஜேர்மனியிலுள்ள லெனெப் என்னும் ஊரிற் பிறந்து, ஒல்லாந்து தேசத்தில் வளர்ந்தார். உத்திரெக்ட் நகரிற் கற்குங்கால், ஆசிரியர் ஒருவரைக் கேலிசெய்து சகமாணவன் ஒருவன் படம் வரைந்தான். வரைந்தவனைக் காட்டிக்கொடுக்க மறுத்த றொன்ஜனே பள்ளியினின்று நீக்கப்பட்டார் என்பர். பள்ளியிறுதிச் சான்றிதழ் அவர்க்குக் கிட்டவில்லை. நுழைவுப் பரீட்சை எழுதிச் சூரிக் நகரத் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்த அவர், 1869இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதன் பின்னரும், அச்சான்றிதழ் இல்லாக் குறையைக் காட்டி, வூர்ஸ்பேர்க் சர்வகலாசாலை அவர்க்கு விரிவுரையாளராகும் தகுதியை மறுத்தது. அவர் மனந்தளர்ந்தாரல்லர். 1879இற் கீசன் நகரிற் பேராசிரியரானார்.

அங்கேதான் அவ்விறப்பர்ச் சோதனை நிகழ்ந்தது. ஒரு பட்டியின் ஒரு நுனியை நிலைப்படுத்தி, மறுநுனியில் எடை தொங்கவிட்டு, அதன் பரப்பில் மின்னேற்றத்தைச் செலுத்தினார். பட்டி நீண்டது, மின்னேற்றத்தை நீக்கியதும் சுருங்கியது. இதனை 1880இல் வெளியிட்டார். நெடுங்காலம் அது பெருங்கவனம் பெறாது கிடந்தது.

முன்னர்க் கதவடைத்த வூர்ஸ்பேர்க் சர்வகலாசாலையே 1888இல் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் எக்ஸ் கதிரை அவர் கண்டதும் அங்கேயே. 1901இற் பௌதிகவியலுக்கான முதலாவது நொபெல் பரிசு அவரை அடைந்தது. அப்பரிசுப் பணத்தை அச்சர்வகலாசாலைக்கே உவந்தளித்தார். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவும் அவர் விரும்பினாரல்லர். 1923இல் மியூனிக் நகரிற் காலமானார்.

இறப்பர்ப் பட்டியின் கதையோ அவரோடு முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர், முன்கூட்டியே இழுத்து விரித்த மெல்லிய பல்பகுதியத் தகடுகள் மின்னால் நூற்றுக்கு நூறு வீதத்துக்கும் மேல் விரிவதைக் காட்டினர். தகட்டின் இரு புறமும் மின்கடத்தும் நெகிழ்ந்த பூச்சு இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தவுடன் எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று கவர்ந்து தகட்டை நசுக்கும். கனவளவு மாறாமையால், மெலிந்த தகடு பக்கவாட்டில் விரியும். அழுத்தத்தை நீக்கினால் மீளும். சில வகைத் தகடுகள் இதனைச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்களவான நேரத்திற் செய்யவல்லன. பற்சில்லும் மோட்டாரும் இன்றி, தசைபோல் மென்மையாயும் விரைவாயும் இயங்கும் பொறிக்கு இதுவே வழி. ஆயிரக்கணக்கான உவோற்று மின்னழுத்தம் வேண்டியிருப்பதும், மின் மிகுந்தால் தகடு துளைபட்டுக் கெடுவதும் இதன் குறைகள்.

மாணவ மணிகளே, சான்றிதழ் ஒன்றில்லாமை றொன்ஜனின் வழியைத் தடுத்ததேயன்றி அடைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் ஓரத்திற் கிடந்த இறப்பர்ப் பட்டியும் வீண்போகவில்லை. செய்வன திருந்தச் செய்தார்க்குக் காலம் தன் கடனை என்றேனும் தீர்த்தே விடும்.